எஸ்எஸ்டி மாற்றிய பிறகும் ஒன்றரை நிமிடம்

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் போட்ட பிறகும், லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் என் வீட்டுக் கணினி, திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்றரை நிமிடம் சும்மா நின்றது. காசு கொடுத்து வேகம் வாங்கியவனுக்கு இதைவிட எரிச்சல் வேறில்லை. மாற்றித் தந்த கடைக்காரரோ, "லினக்ஸ் என்றால் அப்படித்தான் இருக்குங்க, விண்டோஸ் போட்டுவிடலாம்" என்றார். அந்தப் பேச்சு பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

பழைய டிஸ்க் மெதுவாக ஓடியது உண்மை. கட்டளை தட்டும் திரையான டெர்மினலில் 'டாப்' கட்டளை கொடுத்தால் மேல்வரிசையில் 'டபிள்யூஏ' என்று ஓர் எண் வரும். டிஸ்க்கிலிருந்து தரவு வருவதற்காகப் பிராசஸர் வேலையின்றிக் காத்துக் கிடக்கும் நேரத்தின் விழுக்காடு அது. எனக்கு அது இறங்கவே இல்லை. ரேமும் போதாது என்றார்கள் கடையில். ரேம் இருப்பைக் காட்டும் 'ஃப்ரீ' கட்டளையில் அதே பெயருள்ள பத்தியில் வரும் சிறிய எண்ணைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் சும்மா கிடக்கும் ரேமில் லினக்ஸ் கோப்புகளை வைத்துக்கொள்ளும். நிரல்கள் கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும். பார்க்க வேண்டியது 'அவெய்லபிள்' என்ற கடைசிப் பத்தியை. அதில் இடம் தாராளமாக இருந்தது. ரேம் வாங்கவில்லை.

அந்த ஒன்றரை நிமிடத்துக்கு வருகிறேன். திரையில் சின்னம் சுற்றிக்கொண்டிருக்கும்போது எஸ்கேப் விசையை அழுத்தினேன். சின்னம் விலகியது, பின்னால் ஒரு வரி, இன்ன டிஸ்க் பகுதிக்காகக் காத்திருப்பதாகவும் வரம்பு 1 நிமிடம் 30 வினாடி என்றும் சொன்னது. டிஸ்க் மாற்றியபோது, ரேம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப் பகுதியைப் புதிதாக உருவாக்கியிருக்கிறார்கள். புதிய பகுதிக்குப் புதிய யூயூஐடி, அதாவது அடையாள எண். திறக்கும்போது எந்தெந்தப் பகுதிகளை இணைக்க வேண்டும் என்று சொல்லும் 'எஃப்எஸ்டேப்' கோப்பிலோ பழைய எண்ணே கிடந்தது. இல்லாத பகுதியைத் தேடி, லினக்ஸைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டியின் வழக்கமான வரம்பான 90 வினாடியும் தீரும்வரை நின்றிருக்கிறது கணினி. 'பிளாக்ஐடி' கட்டளையில் புதிய எண்ணைப் பார்த்து அந்த ஒரு வரியைத் திருத்தினேன். தாமதம் அடியோடு போய்விட்டது.

காரணத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்த லினக்ஸ், அதன் மேல் படத்தைப் போட்டு மூடுவானேன்? இத்தனை ஆண்டுப் பயன்பாட்டில் எனக்குத் தீராத கோபம் இதுதான்.

எங்கள் சோமனூர்ப் பக்கத்தில் இன்னொரு வினையும் உண்டு. தறிக்கூடத்தை ஒட்டிய வீடென்றால் பஞ்சு பறந்துவந்து கணினியின் விசிறியிலும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கிலும் மெத்தையாகப் படியும். சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 'சென்சார்ஸ்' கட்டளை சூட்டைக் காட்டும். பஞ்சை எடுக்க, காற்று ஊதும் பிளோயர்தான் வேண்டும். விண்டோஸ் போட்டாலும் அந்தப் பஞ்சு அங்கேயேதான் இருக்கும்.

கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் மாமா தன் கடைக் கணக்குக்கு லினக்ஸ் போடலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். எஸ்கேப் விசையை அழுத்திப் பார்க்கும் ஆள் அந்தக் கடையில் இல்லை. நின்றால் கணினியைத் தூக்கிக்கொண்டு அவரும் இதே போன்ற ஒரு பழுதுக் கடைக்குத்தான் போவார். என் கணினியில் மட்டும் வேறெதையும் ஏற்ற விடமாட்டேன்.