கத்தியா, ஊசியா? கண் இமைக்கு எது பொருந்தும்?

காலையில் தீட்டிய மை மதியத்துக்குள் மேல் இமையின் மடிப்பில் ஏறி அப்பிக்கொள்கிறதா? இமைத் தோல் தளர்ந்து மடியத் தொடங்கியிருக்கலாம். இந்த நிலைக்கு வந்தபின் விலை உயர்ந்த கண் க்ரீம்களை வாங்கிக் குவிப்பது வீண்செலவு. ஈரப்பதம் தரும், மெல்லிய சுருக்கத்தைக் கொஞ்சம் மறைக்கும். தொங்கும் தோலை எந்த க்ரீமும் தூக்கி நிறுத்தாது.

போடாக்ஸ் ஊசியும் இங்கே உதவாது. சிரிக்கும்போது கண்ணோரம் விழும் கோடுகளுக்கு அது நல்ல மருந்து. மூன்று நான்கு மாதம் தாங்கும். தோல் மிகுந்துபோனதற்கும் அதற்கும் தொடர்பில்லை. மேல் இமையைப் பொறுத்தவரை அறுவை சிகிச்சைக்குத்தான் என் ஓட்டு. இமையின் இயல்பான மடிப்புக் கோட்டிலேயே கீறி, மிகுதித் தோலை எடுத்துவிட்டுத் தைப்பார்கள். பெரும்பாலும் அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டால் போதும். அன்றே வீடு திரும்பலாம். ஒரு வாரத்தில் தையல் பிரிப்பார்கள், கன்றல் மறைய இரண்டு வாரம் ஆகும். தழும்பு மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். பலன் பல ஆண்டுகள் நிற்கும்.

கீழ் இமையில்தான் குழப்பம். பை, பள்ளம், கருமை மூன்றையும் ‘கருவளையம்’ என்றே சொல்லிவிடுகிறோம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. கண்ணாடி முன் நின்று, முகத்தை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே உயர்த்துங்கள். வீக்கம் இன்னும் புடைத்தால் அது கொழுப்புப் பை. கைப்பேசி விளக்கை முகத்துக்கு நேராகப் பிடித்ததும் கருமை காணாமல் போனால், அது பள்ளத்தின் நிழல். தோலை மெல்ல இழுத்தாலும் நிறம் அப்படியே இருந்தால் நிறமி. நம்மவர்களிடம் இது மிகச் சாதாரணம். அதற்குக் கத்தியும் வேண்டாம், பள்ளத்தை நிரப்ப ஊசியில் ஏற்றும் ஃபில்லரும் வேண்டாம், தோல் மருத்துவரிடம் போனால் போதும்.

பைக்கு அறுவைதான் சரி. இமையின் உள்பக்கமாகவே கீறினால் வெளியே தழும்பு தெரியாது. முன்பெல்லாம் கொழுப்பை வழித்தெடுத்து, கண்ணைக் குழிவிழ வைத்து, வயதை இன்னும் கூட்டிவிடுவார்கள். இப்போது பலர் அதையே நகர்த்திப் பள்ளத்தை நிரப்புகிறார்கள்.

வெறும் பள்ளம் மட்டும்தான் என்றால் ஹயலுரானிக் அமில ஃபில்லர் போதும். சில நிமிட வேலை, பிடிக்காவிட்டால் இன்னொரு ஊசியால் கரைத்துவிடலாம். அறுவையில் இந்த வசதி கிடையாது. ஆனால் பை இருக்கும் கண்ணில் ஃபில்லர் போட்டால் வீக்கம் கூடும். தோலுக்கு மிக அருகில் போட்டால் நீலம் பாரித்துத் தெரியும். அரிதாக மருந்து ரத்தக்குழாய்க்குள் போய்ப் பார்வையையே பறித்ததும் உண்டு. ‘ஊசிதானே’ என்று அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அறுவையிலும் அரிதாகக் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டிப் பார்வை போகலாம். அதைவிட அடிக்கடி வரும் தொல்லை கண் உலர்ச்சி. ஏற்கெனவே கண் உலர்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தோலை அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் தூக்கத்தில்கூட இமை முழுதாக மூடாது. புருவத்துக்கும் இமை முடிக்கும் இடையே ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் தோலாவது மிஞ்ச வேண்டும் என்பது அறுவை நிபுணர்களின் கணக்கு. எவ்வளவு எடுப்பீர்கள் என்று கேட்காதீர்கள். எவ்வளவு விட்டுவைப்பீர்கள் என்று கேளுங்கள்.