8 மணி நேரமா, 72 மணி நேரமா, வெறும் உறுதிமொழியா? பேரிடரில் போன் உயிரோடு இருக்க அமெரிக்கா முயன்ற வழிகள்

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நாங்கள் மேற்கு மாம்பலத்தில் இருந்தோம். இரண்டாம் நாள் காலையில் வீட்டிலிருந்த மூன்று செல்போனிலும் சிக்னல் இல்லை. எதிர்வீட்டு மாமி மட்டும் பழைய லேண்ட்லைனை எடுக்காமல் வைத்திருந்தார். ஓரம் நனைந்த நோட்டில் எண்களை எழுதிக்கொண்டு அந்தத் தெருவே அவர் வீட்டு மாடிப்படியில் வரிசையில் நின்றது. ஆளுக்கு ஒரு நிமிடம்.

கரண்ட் இல்லாத வீட்டில் அந்த போன் எப்படி வேலை செய்தது என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. செம்புக் கம்பியிலேயே எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் வரும். எக்ஸ்சேஞ்சில் பேட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கும். கரண்ட் போனால் என்ன செய்வது என்பது போன் கொடுத்தவரின் கவலையாக இருந்தது. செல்போன் காலத்தில் அது யாருடைய கவலை? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு விதி, வழக்கு, ஒப்பந்தம், மறுபடி விதி என்று ஏறத்தாழ 20 ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருகிறது அமெரிக்கா.

தொடக்கம் கத்ரீனா சூறாவளி. 2005 ஆகஸ்ட் 29. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட போன் இணைப்புகள் செத்தன. அவசர அழைப்புகளை எடுக்கும் 911 மையங்களில் 38 முடங்கின. அங்கே தொலைத்தொடர்பை மேற்பார்க்கும் மத்திய ஆணையமான எஃப்.சி.சி. ஒரு குழு அமைத்து ஆராய்ந்து, 2007-ல் விதி போட்டது: எக்ஸ்சேஞ்சுகளில் 24 மணி நேரம், செல் டவர்களில் 8 மணி நேரம் மாற்று மின்சாரம் இருந்தே ஆக வேண்டும். செல் நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. நாட்டில் இரண்டு லட்சத்துக்கும் மேல் டவர்கள், பல டவர்கள் வாடகை மொட்டைமாடிகளில், அந்தத் தளம் பேட்டரி எடையைத் தாங்காது, டீசல் வைக்க உள்ளூர் விதி விடாது என்றெல்லாம் சொன்னார்கள். 2008 நவம்பரில் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம், இந்த விதிப்படி நிறுவனங்களிடம் அறிக்கைகள் கேட்டு வாங்க அனுமதி மறுத்தது. ஆணையம் விதியைக் கைவிட்டது. ஒரு நாள்கூட அது அமலில் இருக்கவில்லை.

நிறுவனங்கள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. புயலே எட்டிப் பார்க்காத பாலைவன ஊருக்கும் சூறாவளி வருஷம் தவறாமல் வரும் கடற்கரைக்கும் ஒரே 8 மணி நேரம் என்றது அந்த விதி. ஆனால் அதைத் திருத்தி எழுதியிருக்கலாம். தூக்கி எறிந்தார்கள்.

அப்புறம் வந்தது இரண்டாம் வழி: தாமாக முன்வந்து கொடுக்கும் உறுதிமொழி. 2012-ல் சாண்டி சூறாவளி அடித்தபோது பாதிக்கப்பட்ட பகுதியில் நான்கில் ஒரு டவர் செயலிழந்தது. பேரிடர் நாட்களில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எத்தனை சதவீத டவர் வேலை செய்கிறது என்பதை ஊரறிய வெளியிட வேண்டும் என்று 2013-ல் ஆணையம் யோசனை வைத்தது. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. யார் பேட்டரி வைத்தார், யார் வைக்கவில்லை என்று வாடிக்கையாளருக்கே தெரிந்துவிடும். நிறுவனங்கள் இதை விரும்பவில்லை. இதற்குப் பதிலாக 2016 ஏப்ரலில் பெரிய செல் நிறுவனங்கள் சேர்ந்து ஓர் ஒத்துழைப்பு ஒப்பந்தத்தை நீட்டின. ஒருவரின் டவர் விழுந்தால் அவருடைய வாடிக்கையாளரை மற்றவர் ரோமிங்கில் ஏற்பது, ஆள், கருவி கொடுத்து உதவுவது, உள்ளாட்சிகளோடு முன்கூட்டியே பேசிவைப்பது, மக்களைத் தயார்படுத்துவது, எத்தனை டவர் விழுந்தது என்று சொல்வது. கடைசியில் உள்ளதுதான் கவனிக்க வேண்டியது. எண்ணிக்கை கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) வாரியாக, எல்லா நிறுவனத்தையும் கூட்டி வரும். யாருடைய டவர் என்பது மறைந்துவிடும்.

இந்த வழியின் பலம், வழக்கு இல்லாமல் உடனே நடைமுறைக்கு வந்ததுதான். பலவீனம், ‘முடிந்தால்’ என்ற சொல். ரோமிங்கூடத் தொழில்நுட்பப்படி முடிந்தால்தான். எத்தனை மணி நேரம் டவர் ஓட வேண்டும் என்பது பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சிறிய நிறுவனங்கள் பலவும் கையெழுத்திடவில்லை. அடுத்த ஆண்டே மரியா சூறாவளி போர்ட்டோ ரிகோவில் 95 சதவீத டவர்களைச் செயலிழக்க வைத்தது. நியாயமாகச் சொன்னால், மின்கம்பமே மிஞ்சாத அந்தத் தீவில் எந்தச் சட்டம் இருந்தாலும் பெரும்பகுதி விழுந்திருக்கும். 2018-ல் ஃப்ளோரிடாவில் அடித்த மைக்கேல் சூறாவளி அப்படியல்ல. அங்கே சீர்செய்து முடித்த ஃபைபர் கேபிளையே, மரம் அகற்றவும் கம்பம் நடவும் வந்த ஆட்கள் மறுபடி வெட்டிவிட்டார்கள். மின்வாரியமும் செல் நிறுவனமும் பேசிக்கொள்ளவில்லை என்று எஃப்.சி.சி.யே விசாரித்து எழுதியது. பேசிவைத்துக்கொள்வோம் என்ற உறுதிமொழிக்கு அப்போது இரண்டரை வயது.

மூன்றாம் வழி கலிஃபோர்னியாவுடையது. இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

2018 நவம்பரில் பாரடைஸ் என்ற ஊர் எரிந்து 85 பேர் இறந்தார்கள். தீப்பொறி மின்கம்பியிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு, காற்று பலமாக அடிக்கும் நாட்களில் தீப்பிடிக்காமலிருக்க மின் நிறுவனமே கரண்டை நிறுத்துவது அடிக்கடி நடந்தது. 2019 அக்டோபர் கடைசியில் அப்படி நிறுத்தியபோது மாநிலம் முழுவதும் 874 டவர்கள் ஒரே நாளில் அணைந்திருந்தன. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பாலத்தைத் தாண்டினால் வரும் மரின் கவுண்டியில் 57 சதவீதம். அங்கே புயல் இல்லை, டவரை நெருப்பும் தொடவில்லை. சுவிட்சை அணைத்தார்கள், சில மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்தது, அவ்வளவுதான். அதே நாட்களில் பக்கத்து சோனோமாவில் கின்கேட் தீ எரிந்துகொண்டிருந்தது. ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் அதிகமானவர்களை வெளியேறச் சொல்லியிருந்தார்கள். வெளியேறுங்கள் என்ற எச்சரிக்கை போனுக்கு வருவதும், மாட்டிக்கொண்டவர் 911-ஐ அழைப்பதும் அந்த டவர்கள் வழியாகத்தான்.

2020 ஜூலையில் மாநிலப் பொதுச்சேவை ஆணையம் உத்தரவிட்டது: தீ அபாயம் அதிகமுள்ளவை என்று வரைபடத்தில் குறித்த இரண்டாம், மூன்றாம் நிலைப் பகுதிகளில் செல் நிறுவனங்கள் 72 மணி நேரத்துக்கு மாற்று மின்சாரம் வைக்க வேண்டும், ஓராண்டு கெடு. அடுத்த ஆண்டு வயர் இணைப்புகளுக்கும் இதே கணக்கு வந்தது. 2007 விதியோடு ஒப்பிட்டால் இது ஒன்பது மடங்கு கடுமை. ஆனால் நாடு முழுக்க அல்ல, ஆபத்துள்ள இடத்தில் மட்டும். பேட்டரியா, நிலையான ஜெனரேட்டரா, கொண்டுவந்து வைக்கும் ஜெனரேட்டரா என்பதை நிறுவனமே முடிவு செய்யலாம். மொட்டைமாடி தாங்காது என்ற பழைய வாதத்துக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

நான்காவதாக ஒன்று, இரண்டாம் வழியின் மறுபிறவி. ரோமிங்கையும் பரஸ்பர உதவியையும் கட்டாயமாக்கும் மசோதாவை 2020-ல் ஃப்ராங்க் பலோனும் ஜெர்ரி மெக்னெர்னியும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் கொண்டுவந்தார்கள், சட்டமாகவில்லை. ஐடா சூறாவளிக்குப் பிறகு 2022-ல் எஃப்.சி.சி. தன் அதிகாரத்தில் அதையே விதியாக்கியது. 2024 மே முதல் அமல். செலவு குறைவு, பலன் உடனடி. மூன்று நிறுவனத்தில் ஒன்றின் டவர் நின்றால்கூட ஊரே பேசலாம். ஆனால் எத்தனை மணி நேரம் என்ற கணக்கு இதிலும் இல்லை. மூன்றும் அணைந்துவிட்டால் யாரிடம் ரோமிங் போவது?

நடுவில் 2015-ல் இன்னொரு விதியும் வந்தது: செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்த வீடுகளில், 8 மணி நேரம் தாங்கும் பேட்டரியை, பின்னர் 24 மணி நேரத்துடையதை, நிறுவனம் விற்பனைக்கு வைக்க வேண்டும் என்றது அது. வாங்குவது வீட்டுக்காரர் பாடு. 2025 செப்டம்பரோடு அந்த விதி காலாவதியானது. எதிர்வீட்டு மாமி தன் காசில் பேட்டரி வாங்கி வைக்க வேண்டும் என்பது போன்ற ஒரு விதி. இதை நான் ஏற்கவில்லை.

என்னைக் கேட்டால் கலிஃபோர்னியாவின் மணிக்கணக்குதான் முதலில், கட்டாய ரோமிங் அதற்கு மேல். மணிக்கணக்கைச் சோதிக்கவும் வேண்டும். 2012 ஜூன் 29 இரவு வாஷிங்டன் பக்கம் அடித்த காற்றில் ஆறு மாநிலங்களில் 911 மையங்கள் 77 ஏதோ ஒரு வகையில் துண்டிக்கப்பட்டன. வர்ஜீனியாவில் ஆர்லிங்டன், ஃபேர்ஃபாக்ஸ் எக்ஸ்சேஞ்சுகளில் ஜெனரேட்டர்கள் இருந்தன. இரண்டிலும் தலா ஒன்று கிளம்பவே இல்லை. 911 இணைப்பு தரும் நிறுவனங்கள் மாற்று மின்சாரத்தையும் மாற்று வழித்தடத்தையும் சரிபார்த்து ஆண்டுதோறும் சான்று தர வேண்டும் என்ற விதி அதன்பிறகு 2013-ல் வந்தது. டவர்களுக்கும் அப்படியொரு சான்று வேண்டும்.

கலிஃபோர்னிய உத்தரவில் ஒரு இடத்தில் எனக்குத் தயக்கம் உண்டு: கொண்டுவந்து வைக்கும் ஜெனரேட்டரும் கணக்கில் சேரும் என்பது. 2024 செப்டம்பரில் ஹெலீன் சூறாவளி வட கரோலினாவின் மேற்கு மலைப்பகுதியில் கொட்டித் தீர்த்தபோது கட்டாய ரோமிங் விதி அமலுக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. மலைச்சாலைகள் சரிந்து, 40-ம் எண் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியை ஆறே அடித்துக்கொண்டு போனது. ஜெனரேட்டர் ஏற்றிய லாரி அந்த மலையில் எப்படி ஏறும்? அப்படிப்பட்ட இடங்களில் 72 மணி நேரமும் டவரின் அடியிலேயே, புயலுக்கு முன்பே இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.