ஏழு ஆண்டுகள் உழைத்த ஜிபிஎஸ் கருவி: ஒரு பயன்பாட்டு மதிப்புரை

கைப்பேசியே வழி சொல்லிவிடும்போது காருக்கென்று தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி எதற்கு என்று பலரும் என்னிடம் கேட்டதுண்டு. வரைபடம் முழுவதும் கருவிக்குள்ளேயே இருப்பதால், கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத சாலையிலும் அது தடுமாறுவதில்லை. ஐந்து அங்குலத் திரை கொண்ட என் கருவியை வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. திரையும் செயற்கைக்கோள் சிக்னலைப் பெறும் திறனும் இன்றுவரை குறைவின்றி இருக்கின்றன. ஆனால் பேட்டரியை மட்டும் ஒருமுறை மாற்ற நேர்ந்தது, அதற்கு என் அலட்சியமே காரணம்.

கருவியை முன்கண்ணாடியிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போவதை நான் வழக்கமாக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கோடையில் ஒரு நாள் அதைக் கையில் எடுத்தபோது, பின்மூடி சற்றே புடைத்து, விளிம்பில் நகம் நுழையுமளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. உள்ளே லித்தியம் அயன் பேட்டரி உப்பியிருந்தது. வெயிலில் மூடி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். இவ்வகைப் பேட்டரிகளையோ பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வதே நல்லதல்ல. உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது என்பதால், கருவியை அணைத்துப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மாற்றிக்கொண்டேன். அதன்பின் காரை விட்டு இறங்கும்போதெல்லாம் கருவியும் என்னுடன் இறங்கிவிடுகிறது. எடுத்துச் செல்ல முடியாத நாளில், வெயில் படாத கையுறைப் பெட்டிக்குள் (கிளவ் பாக்ஸ்) வைக்கிறேன்; வண்டிக்குள் சூடு தணிந்த பிறகே சார்ஜரைச் செருகுகிறேன்.

இந்தக் கருவியின் அமைப்பில் நான் குறை சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால், அது மின்கம்பி நுழையும் சிறிய மினி யுஎஸ்பி துளைதான். கம்பியைப் பிடித்து இழுத்துக் கழற்றினால் துளை நாளடைவில் தளர்ந்து, மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் திரை அணைந்து எரியும். செருகியின் தலைப்பகுதியைப் பிடித்து நேராக எடுப்பதே சரியான முறை. எஞ்சினைக் கிளப்பும் கணத்தில் காரின் 12 வோல்ட் மின்னழுத்தம் சட்டென்று இறங்கி, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் 14 வோல்ட் அளவுக்கு ஏறும் என்பதால், வண்டி கிளம்பிய பிறகு இணைப்பது நல்லது. கருவி திடீரென்று சார்ஜ் ஏற மறுத்தால், லைட்டர் துளையில் செருகும் சார்ஜரின் முனையில் ஒரு சிறிய ஃபியூஸ் இருக்கிறதா, அது எரிந்துபோயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முனையைத் திருகும்போது உள்ளிருக்கும் சிறு ஸ்பிரிங் துள்ளி இருக்கைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். அதைத் தேடி அரைமணி நேரம் தவழ்ந்த அனுபவம் எனக்குண்டு.

கண்ணாடியில் ஒட்டும் சக்‌ஷன் கப் அடிக்கடி விழுந்தபோது புதிது வாங்கவே எண்ணினேன். வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்பு கலந்து கழுவி, நன்றாக உலர்த்தி, கண்ணாடியையும் துடைத்து ஒட்டியதும் பழைய பிடிப்பு திரும்பிவிட்டது. திரைக்கு மென்மையான மைக்ரோஃபைபர் துணி போதும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துப்புரவுத் திரவத்தை அதன்மேல் தெளிக்க வேண்டாம்.

மென்பொருளைப் புதுப்பிப்பதையும் பராமரிப்பாகவே கருத வேண்டும். ஜிபிஎஸ் அமைப்பின் பழைய வகைச் சிக்னல், வாரங்களைப் பூஜ்யம் முதல் 1023 வரை எண்ணிவிட்டு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. 2019 ஏப்ரல் 6 அன்று அவ்வாறு எண்ணிக்கை திரும்பியபோது, புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் சில தேதியைத் தவறாகக் காட்டின. புதுப்பிக்கும்போது பாதியில் கம்பியைப் பிடுங்கினால் கருவி மீண்டும் உயிர்பெறாமலே போகலாம். மாதக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்த கருவி இடத்தைக் கண்டுபிடிக்கத் தாமதித்தால் பழுதென்று எண்ணிவிட வேண்டாம்; செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையைப் பெற 12.5 நிமிடங்கள் ஆகும் என்பதால், திறந்தவெளியில் வண்டியை நிறுத்தி ஒரு கால்மணி நேரம் பொறுத்திருங்கள்.

இதே வகைக் கருவியைப் பயன்படுத்தியவரிடமிருந்து வாங்க நினைப்பவர்கள், திரையில் கீறல் தேடுவதற்கு முன், பின்மூடியின் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். பிறகு கம்பியைச் செருகி மெதுவாக அசைத்து, சார்ஜ் குறி விட்டுவிட்டு மறைகிறதா என்றும் கவனியுங்கள்.