ஓ.பி. சீட்டில் எழுத வேண்டியதா அது?

திருச்சியில் ஒரு லேடி டாக்டரின் ரிசப்ஷனில் "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்ட கேள்வியை நினைத்தால் லண்டன் திரும்பிய பிறகும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

சமயபுரம் தேருக்காகத் திருச்சி போயிருந்தேன். சித்தி மகளுக்கு இரண்டு பீரியட்ஸுக்கு நடுவே திட்டுத் திட்டாக ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. "உடம்பு சூடு, மோர் குடி" என்று சித்தி நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். நான்தான் பிடிவாதமாகத் தில்லைநகரில் அந்த லேடி டாக்டரிடம் அழைத்துப் போனேன், சித்தியும் கூட வந்தார்.

டோக்கன், கூட்டம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சீட்டு எழுதும் பெண், ஹால் முழுக்கக் கேட்கும்படி "என்ன பிரச்சினை? கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார். இவள் தலையைக் குனிந்தபடி இல்லை என்றதும் அதைச் சீட்டில் எழுதிக் கோடு வேறு போட்டார். சுற்றி எத்தனை கண்கள்!

கூச்சம் மட்டும்தான் பிரச்சினை என்றால் பொறுத்துக்கொள்வேன். நடுவில் ரத்தம் பட்டால் முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கரு குழாயிலேயே தங்கிவிட்டாலும் இப்படிப் படும், அது உயிருக்கே ஆபத்து. கருப்பை வாயில் தொற்று, புண், சதை வளர்ச்சி இருந்தாலும் படும். டாக்டருக்குத் தெரிய வேண்டியது உடலுறவு உண்டா என்பது. அதைக் கல்யாணத்தை வைத்துக் கணக்குப் போடலாமா? அதுவும் அம்மா பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெண் வாய் திறப்பாள்?

லண்டனில் ஸ்கேனுக்கு வாரக்கணக்கில் காத்திருந்து நானே புலம்பியிருக்கிறேன். ஆனால் அங்கே கதவைச் சாத்திவிட்டு, "கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா?" என்று முகம் சுளிக்காமல் கேட்பார்கள்.

உள்ளே போனால் டாக்டர் அறையில் அடுத்த டோக்கன்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். "மேடம், இவளைத் தனியாகப் பார்க்க முடியுமா?" என்றேன். திட்டு விழும் என்றுதான் நினைத்தேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அப்புறம் சித்தியையும் என்னையும் சேர்த்து எல்லோரையும் வெளியே அனுப்பினார். அந்த ஒரு செயலுக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. தேருக்குத் தேதி இடிக்கக் கூடாது என்று தோழி சொன்ன மாத்திரையை மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கி, சில வேளை விட்டு விட்டுச் சாப்பிட்டிருக்கிறாள். நோர்எதிஸ்டிரோன், பீரியட்ஸைத் தள்ளிப்போடும் ஹார்மோன் மாத்திரை. வேளை தவறினாலோ பாதியில் நிறுத்தினாலோ ரத்தம் படும். இதைச் சித்தி முன்னால் அவள் சொல்லியிருக்கவே மாட்டாள்.

டாக்டர் அதோடு விடவில்லை. சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை, தைராய்டு, ஹீமோகுளோபின், ஸ்கேன் எல்லாம் எழுதினார். சினைப்பையில் நீர்க்கட்டி, ஃபைப்ராய்டு என்கிற கருப்பைக் கட்டி, தைராய்டு கோளாறு எதுவும் இப்படிக் காட்டலாமாம். சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது, லண்டனில் நடக்கிற காரியமா? எல்லாம் நார்மல். மாத்திரை இல்லாத மாதத்திலும் பட்டால் கருப்பை வாயைச் சோதிக்கத் திரும்ப வரச் சொன்னார்.

மகளையோ தங்கையையோ அழைத்துப் போகிறவர்கள் கடைசித் தேதி, எத்தனை நாளாகப் படுகிறது, என்னென்ன மாத்திரை என்று அவளையே ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரிசப்ஷனில் "டாக்டரிடம் சொல்கிறோம்" என்றால் போதும். தாளை அவள் டாக்டரிடம் கொடுக்கட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள்.