வளையத்தைத் துரத்துவதா, பட்டையை உரிப்பதா, பலகையே போதுமா?

மரத்தில் வில் செய்கிறவர் அதன் முதுகை அமைக்க இந்த மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்கிறார். நாணை இழுக்கும்போது வில்லின் முதுகு, அதாவது இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம், இழுபடுகிறது. எய்பவரைப் பார்த்திருக்கும் வயிற்றுப் பக்கம் நசுங்குகிறது. முதுகில் ஆண்டு வளையம், அதாவது மரம் ஆண்டுக்கொன்றாக வளர்க்கும் அடுக்கு, எங்காவது அறுபட்டிருந்தால், அந்த இடத்தில்தான் முதல் சிம்பு கிளம்பும். அதனால் எந்த முறையானாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: முதுகு நெடுக நார் அறுபடாமல் ஓடுகிறதா?

அந்த வகையில் பட்டையை உரிப்பதை மிஞ்ச வேறு வழியில்லை. எல்ம், ஹிக்கரி, ஆஷ் போன்ற மரங்களில் பட்டைக்கு அடியில் இருக்கும் பரப்பே முதுகு. மரம் கடைசியாக வளர்த்த வளையம் அது. நம் கத்தி அதில் படவே வேண்டாம். சாறு ஏறும் பருவத்தில் வெட்டிய கட்டையில் பட்டை கையோடு கழன்று வரும். குளிர்காலத்தில் வெட்டியதென்றால் பொறுமையாகச் சுரண்ட வேண்டும். டென்மார்க்கின் ஹோல்மகோர் சதுப்பில் கிடைத்த, சுமார் 9,000 ஆண்டுப் பழமையான எல்ம் வில்களும் இந்த வழியில் வந்தவைதான். முதல் வில் செய்பவருக்கு என் ஓட்டு இதற்கே.

வளையத்தைத் துரத்துவது ஓசேஜ் ஆரஞ்சு, கருப்பு லோகஸ்ட் போன்ற மரங்களில் நடக்கும் வேலை. வெளிறை (பட்டையை ஒட்டிய வெளுத்த வெளிமரத்தை) நீக்கி, வைரத்துக்குள் (கெட்டியான உள்மரத்துக்குள்) ஒரே ஒரு வளையத்தைத் தேர்ந்து, நுனி முதல் நுனி வரை அதையே முதுகாக்க வேண்டும். கண்ணைவிடக் காது அதிகம் உதவும். வசந்தத்தில் வளர்ந்த அடுக்கு துளைகள் நிறைந்தது. இருபக்கமும் பிடியுள்ள, தன் பக்கம் இழுத்துச் சீவும் இழுப்புக் கத்தி அதில் இறங்கினால் நொறுநொறுவென்று சத்தம் கேட்கும். அதற்கு அடியில் கோடையில் வளர்ந்த கெட்டி அடுக்கு வழவழவென்று தெரியும். சத்தம் கேட்டதும் கத்தியை வைத்துவிட்டுச் சுரண்டியை எடுப்பது நல்லது. வளையம் தடித்திருந்தால் வேலை சுகம். மெலிந்திருந்தால் ஓர் இழுப்பில் இரண்டு வளையம் போய்விடும். பிறகு நீளம் முழுக்க அடுத்த வளையத்துக்கு இறங்க வேண்டியதுதான், கட்டையில் அவ்வளவு கனம் மிச்சமிருந்தால்! கணு வந்தால் வளையம் அதன்மேல் மேடாக ஏறும். மேட்டைச் சீவிச் சமனாக்கக் கை துறுதுறுக்கும், சீவக்கூடாது. முதுகு அலையலையாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

யூ மரம் இந்தக் கணக்கில் அடங்காது. 1545-இல் மூழ்கி 1982-இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலின் நெடுவில்களில் வெளிறே முதுகு, வைரம் வயிறு. இழுவையை வெளிறும் அழுத்தத்தை வைரமும் தாங்குகின்றன. ஓசேஜில் தடித்த வளையம் தேடுகிறவர், ஊசியிலை மரமான யூவில் நெருங்கிய வளையத்தைத் தேட வேண்டும்.

கடைசியில் பலகை. ரம்பம் ஏற்கெனவே வளையங்களை அறுத்துவிட்டதால் துரத்த எதுவும் இல்லை. உழைப்பெல்லாம் பலகையைப் பொறுக்குவதில்தான். மரத்தின் நார் ரேகை நுனிக்கு நுனி நேராக ஓட வேண்டும். நடுவில் ஓரத்தைத் தாண்டி வெளியேறினால் அந்தப் பலகையை வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். முதுகில் லினன் துணி ஒட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அது சிம்பு எழாமல் அமுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். இழுவையையே தாங்க வேண்டுமென்றால் மெல்லிய மூங்கில் கீற்றோ ஹிக்கரி மரக் கீற்றோ ஒட்ட வேண்டும்.