எஸ்.பி. ரோட்டில் ‘மியூசிக் போன்’ வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் மெஜஸ்டிக் பக்கமும் 8,000 ரூபாய் வாக்கில் ‘மியூசிக் போன்’ என்று ஒரு சரக்கு ஓடுகிறது. அப்படி விற்கப்பட்ட செட் ஒன்றைக் கழற்றிப் பார்த்த பிறகு எழுதும் பதிவு இது. பெட்டியில் அச்சடித்திருந்தது: ஹை-ரெஸ் ஆடியோ, தனி டாக் (டிஜிட்டல் பாட்டை ஒலியாக மாற்றும்) சிப், இரட்டை ஸ்டீரியோ ஸ்பீக்கர், 128 ஜிபி. கூடவே பாட்டு ஏற்றிய மெமரி கார்டு இலவசம். பெட்டியில் அச்சடித்ததில் ஒன்றுகூட உண்மையில்லை. வாங்கியவர் அல்சூரில் இருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர். பழைய பாட்டு நிம்மதியாகக் கேட்க வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. அவரை ஏமாற்றியதுதான் மனதை வருத்துகிறது.

முதலில் ஸ்பீக்கர். போனின் அடியில் சார்ஜிங் ஓட்டைக்கு இரு பக்கமும் வலைத் துளைகள். “ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர் அங்கிள், பாருங்க” என்று காட்டி விற்றிருக்கிறார்கள். உள்ளே ஒரு பக்கம்தான் ஸ்பீக்கர். மறுபக்கத் துளைகளுக்குப் பின்னால் மைக் மட்டும். சாதாரண போன்களிலும் இந்த அமைப்பு உண்டு, அது தப்பில்லை. அதை ஸ்டீரியோ என்று சொல்லி விற்பதுதான் மோசடி. விலை குறைந்த செட்டில் உண்மையான ஸ்டீரியோ என்றால் பெரும்பாலும் காதில் வைத்துப் பேசும் மேல் ஸ்பீக்கரே இரண்டாவதாக வேலை செய்யும். கடையிலேயே பார்த்துவிடலாம். லெஃப்ட்-ரைட் டெஸ்ட் ஆடியோ ஒன்றை ஓடவிட்டு, அடி ஸ்பீக்கரைக் கட்டைவிரலால் அழுத்தி மூடுங்கள். மேலிருந்து சத்தம் வரவில்லை என்றால் அது மோனோ, அதாவது ஒரே ஸ்பீக்கர் செட். சோதிக்கும் முன் ஈக்வலைசர், ‘சரவுண்ட்’ எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். டெமோவில் அவற்றை ஏற்றி வைத்துத்தான் காதைக் கவர்வார்கள்.

அடுத்தது ஹெட்போன் ஜாக். இதில்தான் செட் புதுசா, பழசா என்பதே வெளிப்பட்டது. இயர்போனைச் செருகினால் வயலின், தபலா எல்லாம் கேட்கிறது. பாடுபவரின் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மங்குகிறது. பின்னைக் கொஞ்சம் அசைத்தால் குரல் திரும்பி வருகிறது. காரணம் இதுதான்: ஜாக்கின் கிரவுண்ட் தொடர்பு விட்டுப்போனால் இடது, வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே காதுக்கு வரும். குரலை நடுவில், அதாவது இரண்டு பக்கமும் சமமாக வைத்துப் பதிவு செய்வதால் அது அடிபட்டுப் போகிறது. புது ஜாக்கில் நல்ல இயர்போன் போட்டால் இப்படி ஆகாது. திறந்து பார்த்தால் ஸ்க்ரூ தலைகளில் கீறல், டிஸ்ப்ளே ஓரத்தில் புதிதாக ஒட்டிய கறுப்பு டேப், வேறு செட்டிலிருந்து எடுத்துப் போட்ட சார்ஜிங் போர்டு. பெட்டிக்குப் புது சீல் போட்டு விற்ற ரிப்பேர் செட். சீல் ஸ்டிக்கர், பிளாஸ்டிக் உறை இரண்டையும் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், அவற்றை நம்பவே நம்பாதீர்கள். வயர் இயர்போன் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், நன்றாகத் தெரிந்த பாட்டைப் போட்டு, பின்னை மெதுவாகச் சுழற்றிக் கேளுங்கள். பிறகு பாட்டை நிறுத்தி, மொபைல் டேட்டாவை ஆன் செய்து அமைதியில் கேளுங்கள். டிக் டிக் என்றோ உஸ் என்றோ வந்தால் வேண்டாம்.

‘டாக் சிப்’ என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். டிஜிட்டலை ஒலியாக மாற்றும் அந்த வேலை எல்லா போனிலும் நடக்கிறது. இல்லையென்றால் சத்தமே வராது. தனியாக உயர்தர சிப் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்த போர்டில் அப்படி எதுவும் இல்லை. 192 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர்தர பாட்டு பைல் ஓடுவதைக் காட்டினால் அதுவும் ஆதாரமாகாது. ஆண்ட்ராய்டு வழக்கமாக எல்லா ஒலியையும் கலந்து 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் வெளியே அனுப்பும். ஹை-ரெஸ் என்ற கறுப்பு-தங்க முத்திரை ஜப்பான் ஆடியோ சொசைட்டியுடையது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அதன் அடிப்படை. ஸ்டிக்கர் அச்சடிக்க அந்தத் தகுதியெல்லாம் தேவையில்லையே. நல்ல ஒலிதான் வேண்டும் என்றால் சாதாரண நம்பகமான போனும், உள்ளே டாக் உள்ள யூஎஸ்பி-சி அடாப்டரும் வாங்குவது உத்தமம். டாக் இல்லாத வெறும் வயர் அடாப்டரும் பார்க்க அதே மாதிரி இருக்கும். பல போன்களில் அது ஊமையாகிவிடும். உங்கள் போனில் செருகிக் கேட்டுவிட்டே காசு கொடுங்கள்.

எல்டாக் (புளூடூத்தில் உயர்தர ஒலி அனுப்பும் முறை) இருக்கிறது என்றால் எல்டாக் ஹெட்போனோடு இணைத்து, செட்டிங்ஸில் டெவலப்பர் ஆப்ஷனில் கோடெக் (ஒலி அனுப்பும் முறை) பெயரைப் பாருங்கள். அதோடு முடிந்தது.

மெமரி கார்டில் இருந்த ‘ஃப்ளாக்’ (தரம் குறையாமல் சேமிக்கும் பைல் வகை) பாட்டுகள் எம்பி3யிலிருந்து மாற்றியவை. ஒலியின் அதிர்வெண்களை வரைந்து காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் போட்டால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவுமே இல்லை; 128 கேபிபிஎஸ் எம்பி3யின் அடையாளம் அது. போனின் 128 ஜிபியும் பொய்: உள்ளே 32 ஜிபி, திரையில் மட்டும் 128. இப்படிப்பட்ட செட்டில் அளவு தாண்டி ஏற்றும் பைல்கள் கெட்டுப்போகும், பாட்டு பாதியில் நிற்கும். வாங்கிய வாரத்திலேயே பெரிய வீடியோக்களை 40, 50 ஜிபி வரை ஏற்றி, திரும்பத் திறந்து பாருங்கள். கார்டின் உண்மையான அளவைச் சோதிக்க எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற மென்பொருள் போதும்.

பணம் கொடுக்கும் முன் *#06# அழுத்தி ஐஎம்இஐ எனும் போனின் அடையாள எண்ணை எடுங்கள். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் மூன்று எழுத்தும் சேர்த்து, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்க எண்ணை 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் கம்பெனி, மாடல் பெயர் பதிலாக வரும். இந்தச் செட்டுக்கு வந்த பதிலில் இருந்தது பெட்டியில் இல்லாத வேறொரு மாடல். இந்த ஒரு எஸ்எம்எஸ் அனுப்பியிருந்தால் போதும், 8,000 ரூபாய் தப்பித்திருக்கும். பெட்டியிலுள்ள ‘ஆர்’ என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) எண்ணையும் பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிப் பாருங்கள்.

“பில் வேணும்னா 18 பர்சென்ட் ஜாஸ்தி ஆகும்” என்றார்களாம். எம்ஆர்பியில் வரி அடக்கம். கர்நாடகக் கடையின் ஜிஎஸ்டி எண் 29 என்று தொடங்கும். அந்த எண்ணும் ஐஎம்இஐயும் இல்லாத துண்டுச் சீட்டை வாங்காதீர்கள். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எழுதாவிட்டால் 30 நாள் கணக்கு. “சீல் ஒடச்சா வாபஸ் இல்ல” என்ற போர்டு அதை மாற்றாது.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் போனைக் கழற்றக் கொடுக்காதீர்கள். ‘நீங்கதான் திறந்தீங்க’ என்று கடைக்காரர் தப்பிக்க வழியாகும். குரல் மங்குவதை, ஸ்பீக்கர் சோதனையை, 14422 பதிலை வீடியோவாக எடுங்கள். யூபிஐ ரசீது, பெட்டி, எம்ஆர்பி ஸ்டிக்கர் மூன்றையும் பத்திரப்படுத்தி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம்; பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.