லா பாஸ் ரோப் கார்: அவசரம் இல்லாதவங்களுக்கு மட்டும்

பொலிவியா போற நம்மாளுங்க நேரா உப்புப் பாலைவனத்துக்கு ஓடிடறாங்க, லா பாஸ்ல ஒரு ராத்திரி படுத்து எழுந்து பஸ் ஏறினா சரின்னு. நம்மளுக்கு அவ்ளோ அவசரம் இல்ல, பையை போட்டுட்டு அங்கயே டேரா போட்டாச்சு. அதுக்கு முக்கிய காரணம் இந்த மி டெலிஃபெரிகோ, அதாவது ரோப் கார். டூரிஸ்ட்டுக்காக கட்டினது இல்ல, டவுன் பஸ்ஸுக்கு பதிலா சனங்க தினம் ஏறி இறங்கறது.

ஊரு 3,600 மீட்டர்ல கீது. நம்ம ஏலகிரி ஆயிரத்து சொச்சம் மீட்டர்தான், அதுக்கே காது அடைக்குதுன்னு சொல்லுவோம். ஏர்போர்ட் இன்னும் மேல, எல் ஆல்டோவுல, 4,000 தாண்டி. பையை மாட்டிக்கினு பத்து படி ஏறினா நெஞ்சு தடதடங்குது, டெய்லி காலையில கோட்டையாண்ட வாக்கிங் போற ஆளு நானு, அந்த பெருமை எதுவும் இங்க வேகல. ஊரே ஒரு பெரிய கிண்ணத்துக்குள்ள கொட்டி வச்சாப்ல, எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒண்ணு ஏத்தம் இல்ல இறக்கம். அதனாலதான் கயித்துல தொங்கற வண்டி இங்க இவ்ளோ எடுபடுது.

2014ல ரெட், எல்லோ, கிரீன்னு மூணு லைன்ல ஆரம்பிச்சாங்க, அவங்க கொடியில இருக்கற கலரு. இப்ப பத்து லைன். நான் போனப்ப டிக்கெட் 3 பொலிவியானோ, நம்ம காசுக்கு ஒரு முப்பத்தஞ்சு ரூவா மாதிரி. பெட்டி ஸ்டேஷன்ல நிக்காது, மெதுவா நகர்ந்துக்கினே இருக்கும், நாமதான் நடந்தாப்ல ஏறிக்கணும், பத்து பேர் உக்காரலாம். உள்ள வர்ற ஒவ்வொருத்தரும் முன்ன பின்ன தெரியாதவங்களுக்கு வணக்கம் சொல்லிட்டுதான் உக்கார்றாங்க, அது எனக்கு ரொம்ப புடிச்சிது. ஒரு தடவ வட்டத் தொப்பி, கொசுவம் வச்ச பாவாடையோட ஒரு அம்மா பக்கத்துல உக்காந்தாங்க, முதுகுல கட்டியிருந்த கோடு போட்ட துணிக்குள்ள இருந்து ஒரு குட்டிக் கை நீண்டு வந்து என் ஸ்வெட்டர் நூலை புடிச்சி இழுத்துக்கினே வந்துச்சி, இறங்கற வரைக்கும் உடல.

முதல்ல ரெட் லைன் ஏறுங்க. நேரா கல்லறைக்கு மேலயே போவுது, அடுக்கு அடுக்கா சின்னச் சின்ன மாடம், கண்ணாடிக்கு உள்ள பூ, பொம்ம சைஸ்ல கூல்டிரிங்ஸ் பாட்டில் எல்லாம் வச்சிருப்பாங்க. மேல எல் ஆல்டோவுல வியாழன், ஞாயிறு பெரிய சந்தை, பழைய துணியில இருந்து கார் பார்ட்ஸ் வரைக்கும் கிடைக்கும், பாக்கெட் பத்திரம். அப்புறம் எல்லோ புடிச்சி கிரீன் மாறி கீழ இர்பாவி வரைக்கும் போனா கிட்டத்தட்ட 800 மீட்டர் இறங்கிடறீங்க, குளிர் குறையுது, வீட்டு வாசல்ல நீச்சல் குளம் தெரிய ஆரம்பிக்குது. இங்க காசுக்காரன் பள்ளத்துல, இல்லாதவன் மேட்டுல. சன்னல் வழியா பாத்தாலே புரிஞ்சிடும், கைடு எதுவும் தேவையில்ல. வானம் தெளிவா இருந்தா இல்லிமானி பனிமலையும் தெரியும், 6,400 மீட்டருக்கு மேல.

குறைன்னா, லைன் மாற மாற காசு, சாயங்காலம் ஆபீஸ் விடற நேரத்துல கியூ தாங்காது.

சாப்பாடு சுமார்தான் பாஸ். காலையில சால்தேனான்னு ஒண்ணு, உள்ள குழம்பு ஊத்தின சமோசா மாதிரி, ஓரத்த கடிச்சி குழம்ப உறிஞ்சிட்டுதான் மிச்சத்த சாப்பிடணும், இல்லன்னா சட்டை காலி, மதியம் போனா கிடைக்காது. நான் தங்கின ஹாஸ்டல் கிச்சன்ல குக்கர் கிடையாது, இந்த உயரத்துல தண்ணி 88 டிகிரியிலயே கொதிச்சிடுது, சோறு எவ்ளோ நேரம் வச்சாலும் நறுக்கு நறுக்குனு. அம்மா வீடியோ கால்ல பாத்துட்டு "டேய், அரிசியா தின்னுக்கினு கீற"ன்னாங்க. சின்ன குக்கர் ஒண்ணு பையில போட்டுக்கினு போனா தப்பில்ல.

கோகா இலை டீ எல்லா இடத்துலயும் கிடைக்கும், அங்கயே குடிச்சிட்டு வந்துடுங்க, இலைய ஊருக்கு எடுத்துக்கினு வந்தீங்கன்னா நம்ம போதைப்பொருள் சட்டத்துல மாட்டிக்குவீங்க. கிளம்பறதுக்கு பத்து நாள் முன்னாடியே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரி எடத்துல மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு கார்டு வாங்கி வச்சிக்குங்க, திரும்பி வர்றப்ப அது இல்லன்னா ஏர்போர்ட்லயே ஆறு நாள் வரைக்கும் தனியா உக்கார வச்சிடுவாங்க.

ரோப் காருக்கு அஞ்சுக்கு நாலரை. அந்த அரை, கியூவுக்கு.